ஐந்தாம் இயல்: வேஷமும் உடன் நடப்பவரும்

பொம்மை வேஷம் போடும் வேலைக்குப் போகிறேன் என்று இளைஞர் எவரேனும் என்னிடம் வந்து யோசனை கேட்டால், வேஷம் என்ன, கூலி எவ்வளவு, பூங்கா எங்கே இருக்கிறது என்பனவற்றையெல்லாம் பின்னால் வைத்துக்கொண்டு, உங்களோடு கூட நடக்கப் போகிறவர் யார் என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பது வழக்கம். பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் விழிக்கிறார்கள். வேஷம் என்றால் ஒருவர் போட்டு, ஒருவர் ஆடி, ஒருவர் கூலி வாங்குவது என்றே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் ஒருவர், வெளியே கூட நடப்பவர் ஒருவர் என இருவர் சேர்ந்தால்தான் ஒரு வேஷம் உருவாகும் என்பது என் அனுபவத்தில் கண்ட உண்மை. ஆகவே இந்த இயலில் வேஷக்காரருக்குச் சொல்லும் ஒவ்வொன்றையும் அவருடைய துணையாளுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன்.

எங்கள் மணவூரிலிருந்து இந்த உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்குப் பிரயாணமே பாதி உழைப்பு. அரக்கோணத்திலிருந்து வரும் மின்ரயிலில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால், பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கத்துக் குவீன்ஸ்லாந்துக்குப் பஸ்ஸில் போகலாம்; ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. பூங்காவுக்கோ முட்டுக்காட்டு எம்.ஜி.எம். பூங்காவுக்கோ செல்ல வேண்டுமானால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ரயிலில் கழித்துச் சென்னையை அடைந்து, அங்கிருந்து திருவான்மியூர் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இவ்வளவு தூரமும் நின்றுகொண்டே போனவருடைய கால்கள் வேஷம் கட்டுவதற்கு முன்பே களைத்துவிடுகின்றன. அதனால் பூங்காவுக்குள் நுழைந்ததும் அரை மணி நேரமாவது காலை நீட்டி உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சியையோ நீர்மோரையோ அருந்திய பிறகே உடுப்பைத் தொடுங்கள். வெறும் வயிற்றோடு வேஷத்துக்குள் போகக் கூடாது. வயிறு முட்ட உண்டுவிட்டும் போகக் கூடாது.

வேஷம் நம் பக்கத்துக்குப் புதிய பொருள் அன்று. மணவூருக்கு அடுத்த ரயில் நிலையமாகிய திருவாலங்காடு, காளியோடு போட்டியிட்டு ஈசன் தாண்டவம் ஆடிய இரத்தின சபை என்றும், தம் அழகிய வடிவத்தை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய தலம் என்றும் போற்றப்படுவது. நாம் வாழும் இந்தத் தொண்டை மண்டலமோ தெருக்கூத்துக்குத் தாய்வீடு. எல்லைக்கு அப்பால் திருப்பதியில் வைகாசியை ஒட்டி நடைபெறும் கங்கையம்மன் ஜாத்திரையில் ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு வேஷம் என்று பக்தர்கள் கோலம் புனைந்து வீதியில் வருவதை நம் ஊரார் பலர் நேரிலே கண்டிருப்பார்கள். இவற்றை அருகே நின்று கவனித்தவர்களுக்கு ஒரு நுட்பம் புலப்படும். மரக்கட்டையில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமுமாகக் கனத்த வேஷத்தைச் சுமக்கும் கூத்துக்காரர், பெரும்பாலும் இரவிலே, காற்று குளிர்ந்த பிறகே ஆடுகிறார். வெயிலில் வீதிவலம் வரும் ஜாத்திரைக்காரரோ வெண்மண்ணையும் குங்குமத்தையும் கரியையும் உடம்பிலே பூசிக்கொண்டு, மேனியைக் காற்றுக்குத் திறந்துவிட்டே வருகிறார். புலி வேஷமும் அவ்வாறே பூச்சு வேஷம்தான். கனமான வேஷம் இரவுக்கு, பகலுக்குப் பூச்சு என்று நம் முன்னோர் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் வெயிலை அறிந்த உடம்புகள் அந்த ஏற்பாட்டைத் தாமாகவே கண்டுகொண்டன.

இக்காலத்துப் பொம்மை உடுப்போ வேறு வமிசத்தைச் சேர்ந்தது. 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்ட காலத்தில், மிக்கி முதலிய பாத்திரங்களுக்குரிய உடுப்புகள் ஐஸ் கபேட்ஸ் என்னும் பனிச்சறுக்கு நாடகக் குழுவினிடமிருந்து பெறப்பட்டன. பனித்தரையின் மேல் குளிரில் சுழன்றாடுவதற்காகத் தைத்த உடுப்புகள் அவை. அந்த மரபிலே வந்த, ஸ்பாஞ்சும் ரோமத் துணியும் சேர்த்துத் தைத்த யானையையும் கரடியையும்தான், கத்திரி வெயிலுக்குப் பெயர் பெற்ற திருத்தணி வட்டாரத்துப் பிள்ளைகள் பட்டப்பகலிலே அணிந்து நிற்கிறார்கள். உடுப்பைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. குழந்தைகள் அதைக் கட்டிக்கொள்ளும்போது உண்டாகும் ஆனந்தத்தை நான் உள்ளே இருந்து கண்டவன். ஆனால் இந்த உடுப்பு நம் சீதோஷ்ணத்துக்கென்று பிறந்தது அன்று என்பதை ஒரு கணமும் மறக்கலாகாது.

நான் மறந்த நாள் ஒன்று உண்டு. சித்திரை மாதத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பூங்காவில், நான் கரடி வேஷத்தில் இருந்தேன். எனக்குத் துணையாக வந்தவரை, டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கூட்டம் அதிகம், ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லி அழைத்துப் போய்விட்டார்கள். ஐந்து நிமிஷம் அரை மணி ஆயிற்று. காது இரைந்தது, பிறகு கரடியின் வாய்த் துளை வழியே தெரிந்த வெளிச்சம் மஞ்சளாகிப் பிறகு சுருங்கிக்கொண்டே போயிற்று. தலையைக் கழற்ற வேண்டும் என்று புத்தி சொன்னாலும், கரடிப் பாதத்துக்குள் சிக்கிய விரல்களுக்கு முதுகுப்புறத்து ஜிப் அகப்படவில்லை. நான் முழங்காலிட்டு, பின்பு சாய்ந்து விழுந்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அது ஆட்டத்தில் ஒரு பகுதி என்று அவர்கள் நம்பியதில் அவர்கள்மேல் குற்றம் ஏதும் இல்லை. சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர்தான், கரடியின் மார்பு ஏறி இறங்கும் வேகத்தைப் பார்த்து ஐயுற்று, ஓடிவந்து தலையைப் பிடுங்கி எறிந்தார். உள்ளே இருப்பவருக்கு நேரும் துன்பம் வெளியே இருப்பவருக்கு வேடிக்கையாகவே தோன்றும் என்பதை அன்று கற்றேன். அந்த வேடிக்கையை ஊடுருவிப் பார்ப்பதற்கென்றே ஒரு ஜோடிக் கண்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

துணையாளின் வேலை கூட்டத்தை ஒதுக்குவது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். வேஷம் கட்டும்போதே அவருடைய வேலை தொடங்குகிறது: ஜிப் தடையின்றி இறங்குகிறதா, தலையின் உட்பட்டை நெற்றியை அழுத்துகிறதா, காற்றுவிசிறி வைத்த தலையாயின் அதன் பாட்டரி ஓடுகிறதா என்பனவற்றை அவர் தம் கையால் பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் அவர் அரையடி முன்னால், பக்கவாட்டில் நடந்து, படி வருகிறது, ஈரம் இருக்கிறது, இடப்பக்கம் குழந்தை வருகிறது என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இருவருக்கும் இடையே சைகைகள் முன்னமே பேசி முடிவாகியிருக்க வேண்டும். வயிற்றைத் தடவினால் தண்ணீர் வேண்டும் என்றும், இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தால் இக்கணமே உள்ளே போக வேண்டும் என்றும் நாங்கள் வைத்துக்கொண்டிருந்தோம். குறுக்குக் கையைக் கண்ட துணையாள் காரணம் கேட்கக் கூடாது, எதிரே நிற்பது எவ்வளவு பெரிய மனிதருடைய குடும்பமாயினும் தயங்கக் கூடாது. நம் எல்லைப் பகுதியில் பிறந்தவருக்கு மற்றொரு தகுதியும் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பும் பின்பும் இந்த மண்ணில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியவை. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களிடம் அவர்கள் மொழியிலேயே, குழந்தை பயப்படுகிறது, சற்றுப் பொறுங்கள் என்று சொல்லத் தெரிந்த துணையாளுக்கு எந்தப் பூங்காவிலும் மதிப்பு உண்டு.

இனி, வெப்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே முழுப்பொழுதும் வேஷத்தில் நிற்க ஒப்புக்கொள்ளக் கூடாது. வெப்பத்தில் உழைப்போரைப் பற்றி ஆராய்ந்தவர்கள், முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கும், பிறகு ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு பங்குமாக ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுகிறார்கள். சரீரம் வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை செல்லும். மே 4-ஐ ஒட்டித் தொடங்கி அம்மாதக் கடைசி வரை நீளும் அக்கினி நட்சத்திரத்தில், பழகியவரும்கூட இருபது நிமிஷத்துக்கு மேல் வெயிலில் நில்லாமல், அதற்குக் குறையாத நேரம் தலையைக் கழற்றி நிழலில் காற்றாட உட்கார வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட நீர்மோரோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்ததோ, அதுவும் இல்லையெனில் ஒரு லிட்டருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்ததோ பக்கத்தில் இருக்கட்டும். சிறுநீர் கழிக்க இடமும் நேரமும் கிடைக்காது என்று அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது, குறிப்பாகப் பெண்கள் செய்வது, மிகவும் அபாயகரமானது. உடுப்பைக் கழற்றுவதற்கு வேண்டிய அவகாசத்தை ஓய்வு நேரத்தில் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் இழுப்பு ஆகியவை முதல் எச்சரிக்கைகள். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் விடை சொன்னாலோ, நடை தடுமாறினாலோ, உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்றே கொண்டு துணையாள் செயற்பட வேண்டும். வியர்வை நின்றுபோனால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உழைப்பினால் வரும் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். உடனே உடுப்பை அகற்றி, அவசியமானால் கத்திரியால் வெட்டி, நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும்; 108-க்கு ஒருவர் பேச வேண்டும்; நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பொதுமக்கள் முன்னிலையில் தலையைக் கழற்றலாகாது என்பது உலகெங்கும் இத்தொழிலின் முதல் விதி. குழந்தையின் நம்பிக்கையைக் காக்கும் அந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். அவ்விதி உயிருக்கு முன்னால் நில்லாது என்பதை நிர்வாகியிடம் வேலையில் சேரும் நாளன்றே வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நடிப்பைப் பற்றிச் சொல்வதில் எனக்குள்ள ஆசை பெரிது. உடுப்பின் முகத்தில் மாறாத ஒரே சிரிப்பு இருப்பதால், துக்கமும் வியப்பும் வெட்கமும் கழுத்தாலும் தோளாலும் முழங்காலாலும் சொல்லப்பட வேண்டியவை ஆகின்றன. பல உடுப்புகளில் பார்வைத் துளை பொம்மையின் வாயிலோ கழுத்திலோ இருக்கும். அதன் வழியே குழந்தையின் முகத்தைத் தேடி நீங்கள் தலையை நிமிர்த்தினால், பொம்மையின் கண்கள் ஆகாயத்தைப் பார்க்கும். குழந்தையோ தன்னைப் பாராத கண்களை ஒருபோதும் மன்னிப்பதில்லை. மோவாயைத் தாழ்த்தி, பொம்மையின் மூக்கைக் குழந்தையின் முகத்துக்கு நேராக நிறுத்தப் பழகுங்கள். அப்போது உங்களுக்குக் குழந்தையின் காலடி மட்டுமே தெரியும், அதற்கு மேல் நடப்பதைத் துணையாள்தான் சொல்ல வேண்டும். இடுப்பில் குடம் வைத்து நடப்பவர்களையும் தலைச்சுமையோடு சந்தைக்கு வருபவர்களையும் கவனியுங்கள். சுமையை ஆட்டாமல் உடம்பு எவ்வாறு அதன் கீழே நழுவிச் செல்கிறது என்பதில் பெரிய தலையைச் சுமக்கும் வித்தை அடங்கியிருக்கிறது. சைகைகள் பெரியனவாகவும் மெதுவானவையாகவும் இருக்கட்டும். ஒரு சைகை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு மூச்சு விடுங்கள். 2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டிக்கு வேட்டி சட்டை உடுத்துக் கைகூப்பி நின்ற தம்பி என்னும் குதிரையை அடையாளமாக வைத்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள்; அந்தக் கைகூப்பு ஒன்றே எந்த நாட்டுக் கூட்டத்தையும் பதில் வணக்கம் சொல்ல வைப்பதற்குப் போதுமானது.

அசையாமையும் ஒரு நடிப்பே. வி.ஜி.பி. பூங்காவில் அரண்மனைக் காவலரின் உடையில், எத்தனை பேர் எத்தனை வேடிக்கை காட்டினாலும் கண்ணிமையைத் தவிர வேறெதுவும் அசையாமல் நின்ற சிலை மனிதரை, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. அவரைச் சிரிக்க வைத்தாக வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் படும் பாட்டை ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். சீண்டுகிறவரிடம் கோபமும் காட்டாமல், இணங்கியும் போகாமல், தம் நிலையில் நிற்பது எப்படி என்ற பாடத்தை அதைவிடத் தெளிவாக வேறெங்கும் கற்க இயலாது.

குழந்தைகளிடம் நீங்கள் போகாதீர்கள்; அவர்கள் வரட்டும். ஒரு வயதுக்கு மேல் நான்கு வயது வரையுள்ளவர்கள் பெரிய தலையைக் கண்டு அஞ்சுவது இயற்கை. பத்தடி தூரத்திலேயே நின்று, பக்கவாட்டில் திரும்பி, முழங்காலிட்டு உயரத்தைக் குறைத்துக்கொண்டு, கையை மட்டும் மெல்ல அசையுங்கள். அழும் பிள்ளையைப் படத்துக்காகப் பெற்றோர் உங்கள் மடியில் திணிக்க முயலும்போது, நீங்கள் பின்வாங்க, துணையாள் நயமாகப் பேசி விலக்க வேண்டும். கைக்குழந்தையை எக்காரணம் கொண்டும் தூக்கக் கூடாது. பார்வையும் பிடியும் இல்லாத கைகள் அவை. படம் எடுக்கும்போது உங்கள் உள்ளங்கைகள் எல்லாருக்கும் தெரியும் இடத்தில், குழந்தையின் தோளுக்குக் கீழே இறங்காமல் இருக்கட்டும். வாலை இழுக்கும், முதுகில் குத்தும் விடலைப் பையன்களுக்கு விடை சொல்லுவது உங்கள் வேலை அன்று. சுவரை முதுகுக்கு வைத்துக்கொண்டு துணையாளிடம் விட்டுவிடுங்கள். வேஷத்துக்குள் இருப்பவர் பெண் என்று தெரிந்து தகாத முறையில் தொடுகிறவர்களும் உண்டு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கான புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பூங்காவில் வேலை இல்லாத நாட்களில் கலியாண மண்டபங்களும் கடைத் திறப்பு விழாக்களும் அழைக்கும். அங்கே வெப்பத்தைவிட நெருப்பே பெரிய பகை. ரோமத் துணி தீப்பற்றினால் உருகி உடம்பில் ஒட்டும். ஆரத்தித் தட்டு, குத்துவிளக்கு, கற்பூரம் ஏற்றிய பூசணிக்காய், மாப்பிள்ளை அழைப்பில் வெடிக்கும் சரவெடி ஆகிய எதற்கும் எட்டடிக்குள் போக மாட்டேன் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். தரையில் ஓடும் சீரியல் பல்பு வயர்களைத் துணையாள் முன்னதாக ஒரு சுற்று நடந்து பார்த்து வைக்கட்டும்.

உடுப்பின் சுத்தத்தைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவில் பிளாரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் வேஷமிடுவோர்கூட, நிர்வாகம் கொடுத்த உள்ளுடுப்புகளைப் பலரும் மாற்றி மாற்றி அணிய வேண்டியிருந்ததால் பேனும் சொறியும் பரவக் கண்டு, தொழிற்சங்கத்தின் வழியே முறையிட்டு, அவரவர்க்கென்று தனி உள்ளுடுப்பும் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைக்கும் உரிமையும் 2001-ஆம் ஆண்டில்தான் பெற்றார்கள். நமக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. உடலை மூடும் பருத்திப் பனியனும் கால்சட்டையும் இரண்டு ஜோடி, தலையில் கட்டப் பருத்தித் துண்டு இரண்டு, இவை சொந்தமாகவே இருக்கட்டும். ஒவ்வொரு ஓய்விலும் ஈரத்தை மாற்றுங்கள். உடுப்பின் தலையை, கழுத்துத் துளை மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, உட்புறம் வெயில் பட உலர்த்தச் சொல்லுங்கள். தொடையிடுக்கிலும் அக்குளிலும் படர்தாமரை கண்டால் மருந்துக் கடையில் கேட்டதைப் பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உரிமைகளைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். வேலை செய்வோர் அனைவரும் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. கேளிக்கை இடங்களும் அச்சட்டத்துக்குள் அடங்குபவையே. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவராயின் இ.எஸ்.ஐ. பதிவு உண்டா என்று கேளுங்கள்.

வேஷக்காரரும் துணையாளும் முறை வைத்து இடம் மாறிக்கொள்வதே மிக நல்ல ஏற்பாடு. உள்ளே இருந்து தவித்தவர்தான் வெளியே இருக்கும்போது மார்பின் ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பார். ஒருவர் இளைப்பாறும் நேரம் மற்றவருக்கு ஆடும் நேரமாவதால், ஓய்வு கேட்டு எவரிடமும் கெஞ்ச வேண்டியதும் இராது. விழாக் காண்டிராக்டர்கள் போனில் கூப்பிட்டு, ஓர் ஆள் போதும், துணைக்கு எங்கள் பையன் இருக்கிறான் என்பார்கள். அந்தப் பையன் அன்று பந்தி பரிமாறப் போய்விடுவான். அதற்கு நான் எப்போதும் சொல்லிவந்த பதிலையே நீங்களும் சொல்லலாம்: “ரெண்டு பேராத்தான் வருவோம் சார். ரெண்டு பேருக்கும் கூலி, ரெண்டு பேருக்கும் சாப்பாடு, ரெண்டு பேருக்கும் ரயில் செலவு.” அவர் யோசித்துச் சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டால், வைத்துவிடட்டும்.